குடவோலையை மறுபடி கொண்டு வந்தால் காசு ஒழியுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எங்கள் ஊராட்சியில் ஓட்டுக்குப் பணம் கொடுத்தவர்தான் தலைவர் ஆகிறார், போட்ட பணத்தை எடுப்பதிலேயே ஐந்து வருஷமும் போய்விடுகிறது, பேசாமல் சோழர் காலத்து மாதிரி பெயர்களைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தால் என்ன? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குலுக்கல் வந்தால் பணம் வெளியே போகுமா என்பது ஒன்று. இன்னொன்றை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை: யாரும் ஓட்டுப் போடாத ஒருவர் சொன்னால் ஊர் கேட்குமா? முதலாவதுக்கு என் பதில், பாதி போகும். இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

நான் ஊரக வளர்ச்சித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவன். நான்கு உள்ளாட்சித் தேர்தல்களில் வேலை பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு பொழுது போகாமல் கல்வெட்டியலில் பட்டயப் படிப்பு படித்தேன். ஆகவே ஊராட்சி அலுவலகமும், குடவோலை விதிகளை வெட்டி வைத்திருக்கிற உத்திரமேரூர்க் கோயில் சுவரும் எனக்குப் பழக்கம். சட்டமன்றம், நாடாளுமன்றம் பற்றி நான் ஏதாவது சொன்னால் டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர் சொல்வதற்கு என்ன மதிப்போ அதையே கொடுங்கள்.

முதலில் ஒரு விஷயம். குலுக்கல் நம் தேர்தல் சட்டத்தை விட்டுப் போகவே இல்லை. இரண்டு வேட்பாளர்களுக்குச் சமமான ஓட்டு வந்தால் சீட்டுக் குலுக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளாட்சியிலும் அதே வழிதான். சட்டத்தின் நாசூக்கைப் பாருங்கள்: சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு 'கூடுதலாக ஒரு ஓட்டு கிடைத்தது போல' வைத்துக்கொள்ள வேண்டுமாம். குலுக்கலில் வென்றவரைக்கூட ஓட்டில் வென்றவராக எழுதிக்கொண்டால்தான் நமக்கு மனம் ஆறுகிறது.

நானே ஒருமுறை குலுக்கியிருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அரசுப் பள்ளி வகுப்பறைதான் எண்ணும் மையம். வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வாக்குச் சீட்டுகளை நிறவாரியாகப் பிரித்து, கட்டுக் கட்டி, எண்ணி முடிக்க நடுநிசி தாண்டிவிட்டது. ஒரு வார்டு உறுப்பினர் பதவிக்கு இரண்டு பேருக்கும் 94. மறுபடி எண்ணினோம். மறுபடியும் 94. ஒரு வெள்ளைத்தாளைச் சரிபாதியாகக் கிழித்து, இரண்டு பெயரையும் எழுதி, ஒரே மாதிரி நான்காக மடித்து எவர்சில்வர் சொம்பில் போட்டேன். டீ கொண்டு வந்த பையன் எடுக்கட்டும் என்றார்கள் முகவர்கள். பொறுப்பு என்னுடையது, நானே எடுக்கிறேன் என்றேன். இரண்டு வேட்பாளர்களும் சொம்பைப் பார்க்கவில்லை, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோற்றவர் ஒரு தையல்காரர். 'சரி சார், சாமி விட்ட வழி' என்று வென்றவர் தோளைத் தட்டிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதே அறையில் இரண்டு மணி நேரத்துக்கு முன் மூன்று ஓட்டில் தோற்ற இன்னொருவர் மேஜையைக் கவிழ்க்க வந்திருந்தார். போலீஸ் பிடித்து வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது.

மூன்று ஓட்டில் தோற்றவருக்கு ஊரில் யார் தன்னை ஏமாற்றினார்கள் என்று தெரியும், அல்லது தெரியும் என்று நினைப்பார். எந்தத் தெரு, எந்தப் பங்காளி என்று அடுத்த ஐந்து வருஷமும் கணக்குப் போடுவார். சீட்டில் தோற்றவருக்குப் பகைக்க ஆள் இல்லை. குலுக்கலின் பெரிய லாபம் இதுதான் என்று அன்று முதல் நினைக்கிறேன். பணத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஊருக்குள் தேர்தல் விட்டுப்போகிற பகையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது உத்திரமேரூருக்கு வருகிறேன். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் அதைக் குறிப்பிட்டுப் பேசிய பிறகு, 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று வாட்ஸ்அப்பில் ஓடாத நாளில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. அதாவது கி.பி. 919, 921. ஊர் முப்பது குடும்புகளாக, இன்றைய பேச்சில் முப்பது வார்டாக, பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராக முப்பது பேர் குடவோலையால் வந்தார்கள். வாரியம் என்றால் ஊர் வேலையைப் பார்க்கும் குழு. அவர்களில் ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை பார்த்தவர்கள், படிப்பிலும் வயதிலும் மூத்தவர்கள் என்று பன்னிரண்டு பேரைப் பொறுக்கிச் சம்வத்சர வாரியத்தில், அதாவது ஆண்டு வாரியத்தில், வைத்தார்கள். மிச்சத்தில் பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். 360 நாள் முடிந்தால் இறங்கிவிட வேண்டும்.

குலுக்கும் சடங்கைக் கல்வெட்டு படம் பிடித்த மாதிரி சொல்கிறது. சபை முழுதும், பாலர் முதல் முதியோர் வரை, கூட வேண்டும். ஊரில் இருக்கிற கோயில் நம்பிமார், அதாவது பூசாரிகள், ஒருவர் விடாமல் வந்து மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் வயதானவர் குடத்தை எல்லா ஜனமும் காணும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். பட்டப்பகலில், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு பாலன் கையை விட்டு ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுக்க வேண்டும். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அவன் எடுக்க, சபையின் நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்த பிறகு அங்கே இருக்கிற நம்பிமார் எல்லோரும் அதை வாசிக்க வேண்டும். விரலை விரித்து வாங்கச் சொன்னது ஏன் என்று வாக்கு எண்ணும் அறையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதற்கு முன்னால் யாரோ ஒருவன் விரலிடுக்கில் ஓலையை மாற்றியிருக்கிறான். அன்று இரவு நானும் அந்த டீக்காரப் பையனையே எடுக்கச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் கேள்வி கேட்டவர் போலப் பலரும் இந்தக் குடத்தோடு நின்றுவிடுகிறார்கள். கல்வெட்டில் குலுக்கலைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது யார் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது என்ற பட்டியல். இருந்த வாரியத்தின் கணக்கைக் காட்டாதவன் பெயர் போகாது. அவனோடு போகவில்லை விவகாரம்: அவனுடைய சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மச்சினன், அக்காள் தங்கையைக் கட்டியவன், மகளைக் கட்டியவன், அப்பன், மகன், யார் பெயரும் போகாது. பிறர் சொத்தைத் திருடியவன், கள்ள ஓலை எழுதியவன், கழுதை மேல் ஏற்றப்பட்டவன், இவர்களுக்கும் இடமில்லை. கடந்த மூன்று வருஷத்தில் வாரியம் பார்த்தவனுக்கு இந்த முறை கிடையாது. பதவியில் இருக்கும்போதே குற்றம் தெரிந்தால் அப்போதே இறக்கிவிட வேண்டும். கணக்கு எழுதுகிறவன் தன் காலத்துக் கணக்கைச் சபைப் பெருமக்கள் முன் காட்டிச் சுத்தன் என்று ஆன பிறகுதான் மறுபடி கணக்கு எழுதலாம்.

வேலையில் இருந்த காலத்தில் தணிக்கைத் தடைகள், அதாவது கணக்கில் தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்கள், கட்டுக் கட்டாக அலமாரியில் கிடப்பதைப் பார்த்தவன் நான். ஒவ்வொரு தடைக்கும் பதில் எழுதி, அது திரும்பி வந்து, மறுபதில் எழுதுவதற்குள் தலைவர் மாறிவிடுவார், செயலர் மாறிவிடுவார், நானும் மாறிவிடுவேன். தேர்தல் செலவுக் கணக்கைத் தராத வேட்பாளரை மூன்று வருஷம் தகுதி நீக்க இன்றும் சட்டத்தில் இடமுண்டு. ஐந்து வருஷம் நடத்திய நிர்வாகத்தில் தணிக்கைத் தடை நிலுவையில் இருப்பது மட்டும் ஒருவரை அடுத்த தேர்தலில் நிற்க விடாமல் செய்வதில்லை. மருமகன் பெயரில் டெண்டர் எடுப்பதைத் தடுக்க நாம் படுகிற பாட்டைப் பார்க்கும்போது, மருமகனை முதலிலேயே பட்டியலில் சேர்த்த அந்த ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்கள்மேல் எனக்கு மரியாதை வருகிறது.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மேலே எழுதிய விதிகள் சுவரில் இருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. 919-இல் எழுதியதை இரண்டே வருஷத்தில் நீட்டி, இறுக்கித் திருப்பி எழுதியிருக்கிறார்கள். வயது வரம்பும் 30 முதல் 60 என்றிருந்தது 35 முதல் 70 என்று மாறியது. இரண்டு முறையும் அரசனின் ஆள் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்கிறார். முதல் ஏற்பாட்டில் யாரோ ஓட்டை கண்டுபிடித்து நுழைந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். துஷ்டர் கெட்டு விசிஷ்டர் (நல்லவர்) வளர்வதற்காக என்று நோக்கத்தைச் சொல்கிறார்களே தவிர, எந்தத் துஷ்டர், என்ன செய்தார் என்று கல் சொல்லவில்லை. விதிகள் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் சுவரில் இருக்கிறது, எப்படி நடந்தது என்பது இல்லை. நம் அரசாணைகளை மட்டும் படித்துவிட்டு ஆயிரம் வருஷம் கழித்து ஒருவர் தமிழ்நாட்டு ஊராட்சிகளைப் பற்றி எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான்.

இன்னொன்றும் உறுதி. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கருக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் படிப்பு அதற்கு ஈடாக இருக்க வேண்டும். அந்த நிலத்தில் உழுதவர், ஏரிக்கரையில் மண் சுமந்தவர், பெண்கள், யார் பெயரும் ஓலையில் ஏறவில்லை. ஜனநாயகம் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நிலமுள்ள பங்காளிகள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளாமல் இருக்கச் செய்துகொண்ட ஒழுங்கான ஏற்பாடு என்றால் ஒத்துக்கொள்வேன்.

குலுக்கல் நன்றாக நடந்த மற்ற இடங்களிலும் இதே கதைதான். ஏதென்ஸில் பத்துக் குலத்துக்கு ஐம்பது பேர் வீதம் ஐந்நூறு பேர் மன்றத்துக்குக் குலுக்கலில் வந்தார்கள். ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் உட்கார முடியாது. பதவி முடிந்ததும் கணக்குக் கொடுக்க வேண்டும். அடிமைகளும் பெண்களும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் வெளியே. அத்தோடு, படைத்தலைவர்கள் பத்துப் பேரை மட்டும் அவர்கள் குலுக்கவில்லை, ஓட்டுப் போட்டே எடுத்தார்கள். வெனிஸ் நகரத்தில் 1268 முதல் குடியரசு வீழ்ந்த 1797 வரை தலைவரைத் தேர்ந்தெடுத்த முறை இன்னும் வேடிக்கை: குலுக்கலில் முப்பது பேர், அவர்களைக் குலுக்கி ஒன்பது, அந்த ஒன்பது பேர் ஓட்டுப் போட்டு நாற்பது, அவர்களைக் குலுக்கிப் பன்னிரண்டு, இப்படி மாற்றி மாற்றிப் போய்க் கடைசியில் நாற்பத்தொரு பேர் ஓட்டுப் போடுவார்கள். எந்தச் சுற்றில் யார் இருப்பார் என்று தெரியாததால் யாருக்கு முன்கூட்டிப் பணம் கொடுப்பது என்றும் தெரியாது. அங்கேயும் பையிலிருந்து குலுக்கல் உருண்டைகளை எடுத்துக் கொடுத்தது தெருவிலிருந்து அழைத்துவந்த ஒரு சிறுவன்! பிரபுக் குடும்பங்களைத் தவிர யாருக்கும் அந்தப் பைக்குள் இடமில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, குடத்துக்குள் இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் சமம் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இடத்தில் குலுக்கல் ஓடியிருக்கிறது. எவன் வந்தாலும் நம்மில் ஒருவன். நம் ஊராட்சிகளில் சிக்கல் இங்கேதான். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளைத் தலித்துகளுக்கு ஒதுக்கிய பிறகு, 1996 முதல் 2006 வரை ஒரு தலைவர் உட்கார்ந்து நிர்வாகம் செய்ய முடியவில்லை. வேட்புமனுவே வராது, வந்து வென்றாலும் உடனே ராஜினாமா. மேலவளவில் தலைவரான முருகேசன் 1997-இல் கொல்லப்பட்டார். அங்கே ஊர்க்காரர்கள் எதிர்த்தது வாக்குப் பெட்டியை இல்லை, நாற்காலியில் உட்கார வந்தவரின் சாதியை. குடவோலையில் வந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். 'இவரை இத்தனை பேர் ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள்' என்று சொல்லிக்கொள்ள ஒரு எண்ணாவது தேர்தலில் கையில் இருக்கும். சீட்டில் வந்த கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு அதுவும் இருக்காது. ஊராட்சிச் செயலர் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவார், அல்லது காசோலையில் இரண்டாவது கையெழுத்துப் போடும் துணைத்தலைவர் சொல்வதைக் கேட்பார். இப்போது பல இடங்களில் பெண் தலைவரின் கணவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வாசலில் நிற்கிற பணத்தைக் குலுக்கல் விரட்டும். உள்ளே நடப்பதை அது தொடாது. பாதி என்று சொன்னது இதனால்.

ஏலத்தைப் பற்றிக் கேட்டவர் எழுதவில்லை, ஆனால் அதுவும் ஒரு 'மாற்று முறை'தான். தலைவர் பதவியைக் கோயில் திடலில் ஏலம் விட்டு, அதிகம் கேட்டவரைப் போட்டியின்றி ஆக்கிவிடுவார்கள். சட்டப்படி குற்றம். 2019 தேர்தலின்போதும் பல ஊர்களிலிருந்து செய்தி வந்தது. ஒரு ஊரில் நான் போய்க் கண்டித்தபோது ஒரு பெரியவர் சொன்ன பதிலை மறக்க முடியவில்லை: 'வீட்டுக்கு வீடு கொடுக்கிற காசு குடிச்சே போகுதுங்க ஐயா, இது கோபுரத்துக்காவது போகும்.' அவரிடம் நான் சட்டத்தைச் சொன்னேன். அவர் வாதத்துக்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

தேர்தலே இல்லாத முறையையும் நாம் பார்த்தாயிற்று. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை ஊரகத்தில் தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் வந்தது. நானும் தனி அலுவலராக இருந்தவன். கையெழுத்துக்கு ஊர் ஊராகப் போவேன். தெருவிளக்கு எரியவில்லை என்று ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்ட ஒரு ஆள் ஊரில் இல்லை என்பதே அதன் குறை. காசு கொடுத்து வந்த தலைவருக்கும் அந்தக் கதவு உண்டு.

அப்படியென்றால் குலுக்கலுக்கு இன்று வேலையே இல்லையா? உண்டு. அயர்லாந்தைப் பாருங்கள். 2016-இல் 99 சாதாரண ஆட்களைக் குலுக்கலில் எடுத்து, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரைத் தலைவராக வைத்து, கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேச வைத்தார்கள். கட்சிகள் தொடப் பயந்த விஷயம். அவர்கள் பல வார இறுதிகள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டுப் பரிந்துரை கொடுத்தார்கள். 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 66 சதவீதம் பேர் தடையை நீக்க ஆதரித்தார்கள். எப்போதும் இப்படி நடக்கும் என்றில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதே போல 160 பேர் கூடித் தேர்தல் முறையையே மாற்றச் சொன்னார்கள்; 2005 வாக்கெடுப்பில் 57 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வந்தும், 60 வேண்டும் என்ற நிபந்தனையால் கிடப்பில் போயிற்று. இரண்டு இடத்திலும் கவனிக்க வேண்டியது, குலுக்கலில் வந்தவர்களிடம் யாரும் காசோலைப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. கேட்க, விசாரிக்க, சொல்லத்தான் கூப்பிட்டார்கள். கடைசி வார்த்தை ஓட்டுப் போடுகிறவர்களிடமே இருந்தது.

நம் ஊருக்கு நான் பொருத்திப் பார்ப்பது இப்படி. தலைவரை ஓட்டுப் போட்டே எடுங்கள். ஐந்து வருஷம் முகம் காட்டி, திட்டு வாங்கி, திரும்ப வந்து ஓட்டுக் கேட்க வேண்டிய ஆள் ஒருவர் வேண்டும். அவரைப் பார்த்துக்கொள்கிறவர்களைக் குலுக்கி எடுங்கள். ஊராட்சியில் பணிகள் குழு, வளர்ச்சிக் குழு என்று குழுக்கள் ஏட்டில் இருக்கின்றன. பல இடங்களில் உறுப்பினர்களுக்கே தாங்கள் உறுப்பினர் என்று தெரியாது. அவற்றை நம்பாமல் கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள்: வாக்காளர் பட்டியலிலிருந்து வார்டுக்கு ஒருவர், பாதிப் பேர் பெண்கள், ஒரு வருஷத்துக்கு மட்டும். ஊராட்சியில் டெண்டர் எடுத்தவர், தலைவரின் பங்காளி, சம்பந்தி பெயர் வந்தால் சீட்டைத் தள்ளிவைத்து அடுத்ததை எடுங்கள். இவர்கள் வேலை, முடிந்த பணிகளைப் போய்ப் பார்த்து அடுத்த கிராம சபையில் நின்று சொல்வது மட்டும். சிமென்ட் சாலை எத்தனை மீட்டர் என்று பில்லில் இருக்கிறது, தரையில் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று டேப் பிடித்து அளக்க எட்டாம் வகுப்புப் படிப்பே அதிகம்.

இந்தக் குழுவுக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. அதை மறைக்க மாட்டேன். முடிந்த பணியின் அளவுகளை எழுதி வைக்கும் அளவுப் புத்தகத்தைத் தலைவர் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டியதுதான். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்க வேண்டும். அதில் தீர்மானப் புத்தகத்தில் எழுத்தாக ஏறிவிட்டால் எந்த அதிகாரியும் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அந்தப் புத்தகத்தைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

குலுக்கப் போகிறீர்கள் என்றால் என் அனுபவத்தில் ஒரு யோசனை. சீட்டுகளை முந்தின நாளே எழுதி வைக்காதீர்கள். சபையிலேயே, ஒரே தாளில், ஒரே பேனாவில் எழுதி, ஒரே ஆள் மடிக்கட்டும். குடத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போடுங்கள். எடுப்பதற்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை யாரையாவது கூப்பிடுங்கள். தலைவர் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டாம்.